நாளும் கோளும் நம் இல்லங்களும்

நம் மறைமாவட்டத்துக் கத்தோலிக்க இல்லம் ஒன்றிற்குள் நுழைந்தால், முன்னறையில் திரு இருதய ஆண்டவரின் படம் நம்மை வரவேற்கும். அதன் கீழே சிறு விளக்கொன்று எரியும். அதே சுவரில் சற்றுத் தள்ளி, நகைக் கடையோ துணிக் கடையோ அன்பளிப்பாகத் தந்த நாள்காட்டி தொங்கும். நாள்தோறும் கிழிக்கும் அந்தத் தாளில் இராகு காலம் உண்டு, எமகண்டம் உண்டு, சூலம் எந்தத் திசையில் என்ற குறிப்பும் உண்டு. அட்டையின் பின்புறத்தைத் திருப்பினால், பல்லி உடலின் எந்தப் பகுதியில் விழுந்தால் என்ன பலன் என்ற பட்டியலைக்கூடச் சில நாள்காட்டிகளில் காணலாம். மாலையில் முழந்தாளிட்டுச் செபமாலை சொல்லும் குடும்பம், காலையில் அந்தத் தாளைப் பார்த்துவிட்டுத்தான் வெளியே காலெடுத்து வைக்கிறது. படத்திற்கும் நாள்காட்டிக்கும் இடையே உள்ள தூரம் ஒரு முழந்தான். அந்த ஒரு முழத்தைப் பற்றியே இங்குச் சிந்திக்க விழைகிறோம்.

இவற்றை யாரும் நமக்கு வகுப்பு நடத்திக் கற்பிக்கவில்லை. தாய்ப்பாலோடும் தாலாட்டோடும் வந்து சேர்ந்தவை இவை. நமது பாட்டி நாள் தவறாமல் கோயிலுக்குச் சென்றவர். ஆயினும் நாம் பள்ளிக்குப் புறப்படும் வேளையில் சுவரில் பல்லி ஒலித்துவிட்டால் போதும். "எல மக்கா, பல்லி சொல்லுது பாரு. ஒரு வாய் தண்ணி குடிச்சிட்டு, சேசு மரி சூசைன்னு சொல்லிட்டு எறங்கு" என்பார். பல்லிக்குத் தண்ணீர் பரிகாரம். தண்ணீருக்குத் திருக்குடும்பம் துணை! அந்த எளிய உள்ளத்தில் இரண்டும் மோதிக்கொள்ளவே இல்லை.

ஒற்றைத் தும்மல் தடை, இரட்டைத் தும்மல் வெற்றி. பூனை குறுக்கே போனால் திரும்பி வந்து அமர வேண்டும். நிறைகுடம் எதிரே வந்தால் நன்மை, வெறுங்குடம் வந்தால் தீமை. குழந்தையின் கன்னத்தில் கரும்பொட்டு. கண்ணேறு கழிக்க உப்பும் மிளகாயும் முச்சந்தி மண்ணும். புது வீட்டின் முகப்பில் கோர முகம் வரைந்த பூசணி. களவுபோன பொருளைக் கண்டறிய வெற்றிலையில் மை தடவிப் பார்ப்பார்கள். 1956 நவம்பர் 1 அன்று தாய்த் தமிழகத்தோடு இணையும்வரை மலையாள நாட்டோடு ஒன்றாயிருந்த மாவட்டம் நம்முடையது. ஆதலால் சோழி உருட்டிப் பார்க்கும் பிரசன்னமும், பகைவர் வைத்ததாகச் சொல்லப்படும் 'கூடோத்திரம்' என்ற அச்சமும் இங்குக் கூடுதலாகவே வேரூன்றியுள்ளன. ஆலயமணி ஒலிக்கும் ஊர்களிலும் இவை கேட்பாரற்றுப் போகவில்லை.

அறிவும் அச்சமும்

முன்னோர் சொன்னவை அனைத்தையும் மூடநம்பிக்கை என்று ஒரே கூடையில் அள்ளிக் கொட்டுவது நேர்மையாகாது. நம் கடலோர மக்களின் 'கணியம்' என்னும் கலையை எண்ணிப் பாருங்கள். கடலில் நின்று, கரையிலுள்ள ஒரு மலைமுகட்டையும் அதற்கு முன்னால் தெரியும் ஆலயக் கோபுரத்தையும் ஒரே கோட்டில் கொண்டுவந்து பார்ப்பார்கள். வேறு திசையில் இதேபோல் இன்னோர் இணையைப் பார்ப்பார்கள். இரு கோடுகளும் வெட்டும் இடத்தில் கடலுக்கு அடியில் மீன் நிறைந்த பார் இருக்கும். கருவி எதுவுமின்றிக் கண்ணாலும் நினைவாலும் தந்தை மகனுக்குக் கொடுத்த கணக்கு இது. அவ்வாறே கன்னிப்பூ, கும்பப்பூ என இருபோகத்திற்கும் மழையையும் குளத்து நீரையும் பார்த்து நாள் குறித்த நாஞ்சில் உழவரின் பட்டறிவும் போற்றத்தக்கது. கணித்தல் என்றால் அளந்தறிதல். அளந்து பார்த்துத் தவறினால் திருத்திக்கொள்வது அறிவு. தவறினாலும் திருந்தாமல், தவறியதற்கு வேறொருவரைக் காரணம் காட்டுவது மூடநம்பிக்கை. இந்த ஓர் உரைகல் போதும்.

பழைய பழக்கம் ஒவ்வொன்றுக்கும் அறிவியல் காரணம் உண்டு என்று சொல்லி மகிழ்வோரும் இன்று பலர். சிலவற்றுக்கு இருக்கலாம், பலவற்றுக்கு இல்லை. இல்லாத காரணத்தை வலிந்து படைப்பதும் மற்றொரு மூடநம்பிக்கையே.

அச்சம் எங்கிருந்து வருகிறது? முதல் உலகப் போர்க் காலத்தில் நியூகினிக்கு அருகிலுள்ள துரோபிரியாந்துத் தீவுகளில் தங்கி ஆய்வு செய்த மானிடவியல் அறிஞர் மலினோவ்ஸ்கி, குறிப்பிடத்தக்க ஒன்றைக் கண்டார். அத்தீவு மக்கள் அமைதியான உப்பங்கழியில் மீன் பிடிக்கும்போது மந்திரம் எதையும் நாடவில்லை. தம் திறமையையே நம்பினர். ஆழ்கடலுக்குச் செல்லும்போதோ விரிவான மந்திரச் சடங்குகளைச் செய்தனர். மனிதனின் கைக்கு எட்டும் இடத்தில் மந்திரம் தேவைப்படுவதில்லை. ஆபத்தும் நிச்சயமின்மையும் தொடங்கும் இடத்தில்தான் அது தொடங்குகிறது. தேர்வு முடிவு, மகளின் திருமணம், மருத்துவர் கைவிட்ட நோய், கடலுக்குப் போன கணவன் ஆகிய இவை நம் மக்களின் ஆழ்கடல்கள். குறி கேட்கப் போகிறவரைக் கண்டிக்க முற்படுமுன், அவர் எந்தக் கடலில் தத்தளிக்கிறார் என்று கேட்பது மேய்ப்பரின் கடமை.

திருச்சபையின் நீண்ட போராட்டம்

இப்போராட்டம் இன்று நேற்றுத் தொடங்கியதன்று. குறி கேட்டல், நிமித்தம் பார்த்தல், செத்தவர் ஆவியிடம் உசாவல் ஆகியவற்றை இணைச்சட்ட நூலின் 18-ஆம் அதிகாரம் இஸ்ரயேலருக்கு விலக்குகிறது. சூனியக்காரர்களை நாட்டைவிட்டு அகற்றிய அதே சவுல் அரசன், படை தோற்கும் அச்சத்தில் மாறுவேடமிட்டு ஏந்தோருக்குப் போய்க் குறி கேட்ட அவலத்தைச் சாமுவேல் நூல் காட்டுகிறது. பிலிப்பி நகரில் குறி சொல்லும் அடிமைப் பெண்ணைத் தூய பவுல் விடுவித்தபோது, அவள் நலம்பெற்றதை எண்ணி அவளுடைய உரிமையாளர்கள் மகிழவில்லை. வருவாய் போயிற்றே என்றுதான் சினந்தார்கள். குறி சொல்லும் தொழிலுக்குப் பின்னால் ஒரு பணப்பை தொங்குகிறது என்பதைத் திருத்தூதர் பணிகள் நூல் அன்றே நமக்குச் சுட்டிவிட்டது.

நம் மண்ணுக்கு அருகிலும் சான்றுகள் உண்டு. 1599-இல் கேரளத்தின் உதயம்பேரூரில் கூடிய சங்கம், மலையாள நாட்டுக் கிறிஸ்தவர்கள் திருமணத்திற்கு நல்ல நாள் பார்ப்பதையும் சோதிடரை நாடுவதையும் தடை செய்தது. 1704-இல் புதுச்சேரியில் திருத்தந்தையின் தூதர் டூர்னோன் வெளியிட்ட ஆணை, கிறிஸ்தவத் திருமணங்களில் தேங்காய் உடைத்துச் சகுனம் பார்க்கும் வழக்கத்தை விலக்கியது. அவ்வாணையின் வேறு பல விதிகளைப் பற்றி அறிஞர்களிடையே இன்றும் வழக்காடல் உண்டு. அதற்குள் நாம் நுழையவில்லை. மூன்று நூற்றாண்டுகளுக்கு முன்பே நம் தமிழ்க் கிறிஸ்தவ முன்னோர் திருமணப் பந்தலில் தேங்காயின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தனர் என்ற செய்தி மட்டும் இங்குப் போதும். 1992-இல் வெளியான கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி நூல், சாதகம், சோதிடம், கைரேகை, சகுனம், சீட்டு எடுத்தல் ஆகிய எல்லா வகைக் குறிபார்த்தலையும் விலக்கச் சொல்கிறது (எண் 2116). கடவுளுக்கு மட்டுமே உரிய அன்பு கலந்த அச்சத்தை வேறொன்றுக்குக் கொடுப்பதாகும் என்பதே காரணம்.

தூய அகுஸ்தினார் இளமையில் சோதிடத்தில் ஊறியவர். அவரை மீட்டது தர்க்கத்தைவிட ஒரு நண்பரின் குடும்பக் கதைதான். பிர்மினுஸ் என்ற அந்த நண்பர் பிறந்த அதே வேளையில், அவருடைய தந்தையின் நண்பர் வீட்டில் ஓர் அடிமைப் பெண்ணுக்கும் குழந்தை பிறந்தது. இரு வீட்டாரும் சோதிடப் பற்றாளர். நேரத்தைத் துல்லியமாகக் குறித்து ஒருவருக்கொருவர் ஆளனுப்ப, செய்தி கொண்டுவந்தவர்கள் பாதி வழியில் சந்தித்துக்கொண்டார்களாம். ஒரே நாழிகை, ஒரே சாதகம். ஆனால் பிர்மினுஸ் செல்வத்திலும் பதவியிலும் உயர்ந்தார்; மற்றவனோ அடிமையாகவே உழன்றான். இருவரையும் பிரித்தது விண்மீனா, மண்ணில் மனிதன் போட்ட விலங்கா? இக்கேள்வியைக் கேட்ட பிறகு அகுஸ்தினாரால் சோதிடத்திற்குத் திரும்ப இயலவில்லை.

"அப்படியானால் ஞானிகள் விண்மீனைப் பார்த்துத்தானே பெத்லகேமுக்கு வந்தார்கள்?" என்று மறைக்கல்வி வகுப்பில் பிள்ளைகள் கேட்பதுண்டு. நல்ல கேள்வி. விண்மீன் குழந்தையின் விதியை ஆளவில்லை. குழந்தைக்கு அது பணிவிடை செய்தது. அவர்களை அது கொண்டு சேர்த்த இடமும் சோதிடக் கணக்கன்று, ஒரு தாயின் மடி. திரும்பும்போது அவர்கள் வேறு வழியாகச் சென்றார்கள் என்று மத்தேயு எழுதுவதை நாம் ஆழ்ந்து எண்ணலாம்.

எமகண்டத்தில் பிறந்த மீட்பு

இராகு காலம் என்பது எளிய கணக்கு. காலை 6 மணி முதல் மாலை 6 மணிவரை உள்ள பகலை எட்டாகப் பகுத்து, வாரத்தின் ஒவ்வொரு நாளுக்கும் ஒன்றரை மணி நேரத்தை ஒதுக்கிவிடுவது. திங்களுக்கு 7.30 முதல் 9 வரை. ஞாயிறுக்கு மாலை 4.30 முதல் 6 வரை. எமகண்டமும் இவ்வாறே.

2004 டிசம்பர் 26, கிறிஸ்து பிறப்புப் பெருவிழாவின் மறுநாள், ஞாயிற்றுக்கிழமை. அன்று முற்பகலில் ஆழிப்பேரலை குளச்சலையும் கொட்டில்பாட்டையும் மணக்குடியையும் புரட்டிப் போட்டது. ஞாயிறன்று எமகண்டம் நண்பகல் 12 முதல் 1.30 வரை, இராகு காலம் மாலையில். நம் உறவுகளை வாரிச் சுருட்டிய அலை இரண்டிலும் வரவில்லை. நாள்காட்டி 'நல்லது' என்று விட்டுவைத்த பொழுதில்தான் வந்தது.

மற்றொரு நாளையும் எண்ணுவோம். வெள்ளிக்கிழமை எமகண்டம் பிற்பகல் 3 முதல் 4.30 வரை. ஆண்டவர் இயேசு சிலுவையில் உயிர்விட்டது வெள்ளிக்கிழமை, பிற்பகல் மூன்று மணி. பஞ்சாங்கத்தின்படி எந்த நற்செயலுக்கும் ஆகாத வேளை அது. அந்த வேளையில்தான் உலகின் மீட்பு நிறைவேறியது. பெரிய வெள்ளியன்று மூன்று மணிக்குக் கோயில் நிரம்பி வழியும் அளவுக்குக் கூடுகின்ற நாம், மறு வாரம் வெள்ளி மூன்று மணிக்கு மகனுக்குப் பெண் பார்க்கப் போகத் தயங்குவானேன்?

ஒக்கியின் பின்னே

நாம் அறிந்த ஒரு குடும்பத்தைப் பற்றி இங்குச் சொல்ல வேண்டும். ஊரும் பேரும் வேண்டாம்.

2017 நவம்பர் 30 அன்று ஒக்கிப் புயல் நம் கடலில் சீறியது. ஆழ்கடல் சென்றிருந்த படகுகள் பல நாட்களுக்கு முன்பே கரையை விட்டுப் போயிருந்தன. எச்சரிக்கை அவற்றை எட்டவில்லை. டிசம்பர் 7 அன்று ஆயிரக்கணக்கான மக்கள் குழித்துறை இரயில் நிலையத்தில் அமர்ந்து, காணாமற்போனவர்களைத் தேடித் தரும்படி மன்றாடியதை நாடு கண்டது. இலட்சத்தீவுகளிலும் மகாராட்டிரத்திலும் குசராத்திலும் படகுகள் ஒதுங்கிய செய்திகள் ஒவ்வொன்றாக வந்தன. ஒவ்வொரு செய்தியும் சில வீடுகளுக்கு வாழ்வு. செய்தி வராத வீடுகளுக்கு வாதை.

செய்தி வராத வீடொன்றின் தலைவி, உறவினர் சொல்லைக் கேட்டு, உள்நாட்டில் சோழி பார்க்கும் ஒருவரிடம் சென்றார். "உயிரோடிருக்கிறான், தென்மேற்கே நாற்புறமும் தண்ணீர் சூழ்ந்த இடத்தில் இருக்கிறான், 41 நாளில் சேதி வரும்" என்று சொல்லப்பட்டது. காதில் கிடந்த கம்மல் காணிக்கையாயிற்று. இரங்கல் திருப்பலி பற்றிப் பேச்செடுத்தபோது அந்தத் தாய், "சாமி, பூசைக்கு நான் சம்மதிக்க மாட்டேன். சம்மதிச்சா, அவரு செத்துட்டாருன்னு நானே எழுதிக் குடுத்த மாதிரி ஆயிரும்" என்றார். நாம் வற்புறுத்தவில்லை. அவருடைய கருத்துக்காக நாள்தோறும் திருப்பலியில் மன்றாடினோம். பங்குப் பெண்கள் சிலர் மாலைதோறும் அவ்வீட்டில் செபமாலை சொன்னார்கள்.

நாற்பத்தோராம் நாள் வந்தது, சேதி வரவில்லை. மீண்டும் அதே இடத்திற்குப் போனார். இம்முறை கிடைத்த விடை வேறு: வருகிறவனை அவளுடைய நாள்கோள்தான் தடுக்கிறதாம், கட்டியவனுக்கு ஆகாத இராசியாம். குறி ஒருபோதும் தோற்பதில்லை. தோற்றால் கேட்டவர்மேல் பழி விழும். கணவனை இழந்த பெண்ணிடம், 'உன்னால்தான் அவன் போனான்' என்று சொல்வதைவிடக் கொடிய சூனியம் ஒன்று உண்டோ? கடல் அவரிடமிருந்து கணவரை எடுத்தது. சோழி எடுத்துக்கொண்டது, அவர் தம்மைத் தாமே தலைநிமிர்ந்து பார்க்கும் உரிமையை.

ஓராண்டு கழித்து, 2018 நவம்பர் இறுதியில், அவரே வந்து திருப்பலிக்குப் பெயர் கொடுத்தார். துயரம் மெல்ல வடிந்தது. ஆனால் அந்தச் சொல் மட்டும் உள்ளே முள்ளாகத் தங்கிவிட்டது என்பதைச் சில ஆண்டுகளுக்குப் பின்னரே நாம் கண்டோம்.

அவருடைய மகளுக்குத் திருமணம். நம் வழக்கப்படி, மணமகள் ஆலயத்திற்குப் புறப்படுமுன் பெற்றோர் நெற்றியில் சிலுவை அடையாளமிட்டு ஆசீர் வழங்க வேண்டும். தாய்மாமன் முன்னே நின்றார். தாயைக் காணவில்லை, அடுக்களைக் கதவின் பின்னே நின்றுகொண்டிருந்தார். "நல்ல காரியத்துல நான் எதுக்கு? மாமன் போடட்டும்" என்றார். உறவினரும் அதுவே முறை என்பதுபோல் வாளாவிருந்தனர். மணமகள் காலணியைக் கழற்றி வைத்துவிட்டு நாற்காலியில் அமர்ந்துகொண்டாள். "அம்மா சிலுவை போடாம நான் கோயிலுக்கு வரல்ல" என்றாள். குரலை உயர்த்தவில்லை, அழவுமில்லை. மணி ஒன்பதைத் தாண்டியது. வாசலில் வண்டி காத்து நின்றது. பெரியவர்கள் ஒவ்வொருவராகச் சமாதானம் சொல்லிப் பார்த்தார்கள். அவள் அசையவில்லை. இறுதியில் அந்தத் தாய் கையைச் சேலைத் தலைப்பில் துடைத்துக்கொண்டு வெளியே வந்தார். மகளின் நெற்றியில் விரல் வைத்தபோது அவர் கை நடுங்கியதை நாம் பார்த்தோம். திருமுழுக்கு நாளில் அக்குழந்தையின் நெற்றியில் அதே கைதானே சிலுவை வரைந்தது!

மறைக்கல்வி நூலின் 2116-ஆம் எண்ணை அந்தப் பெண் படித்திருக்க வாய்ப்பில்லை. ஆனால் அதன் முழுப் பொருளையும் அன்று ஒரு நாற்காலியில் அமர்ந்தவாறே அவள் விளக்கிவிட்டாள்.

எப்போதும் ஒரு பலி

சகுனங்களின் பட்டியலைக் கூர்ந்து பாருங்கள். அது எப்போதும் ஒரு பலியாளைத் தேடும்; அந்தப் பலியாள் பெரும்பாலும் பெண்ணாகவே இருப்பார். எதிரே வரக்கூடாதவர் கைம்பெண். வளைகாப்பில் ஒதுங்க வேண்டியவர் பிள்ளைப்பேறு இல்லாதவர். 'பெண் மூலம் நிர்மூலம்' என்று பிறக்கும்போதே தீர்ப்பிடப்படுபவள் பெண் குழந்தை. செவ்வாய் தோஷம் என்று வீட்டிலேயே முதிர்பவள் நம் மகள். மனைவியை இழந்த ஆண் எதிரே வந்தால் யாரும் வீடு திரும்புவதில்லை!

ஆண்டவர் என்ன செய்தார்? நயீன் ஊர் வாயிலில் எதிரே வந்தது ஒரு பிண ஊர்வலம். அதில் வந்தவர் ஒரு கைம்பெண். சகுனம் பார்ப்பவர் விலகி ஓடியிருக்க வேண்டிய வேளை. இயேசு அருகில் சென்றார், பாடையைத் தொட்டார். பிறவிக் குருடரைப் பார்த்து, 'இவன் பாவமா, பெற்றோர் பாவமா' என்று சீடர் கேட்டபோது, இரண்டையும் மறுத்தார். சீலோவாமில் கோபுரம் விழுந்து இறந்த பதினெட்டுப் பேர் மற்றவர்களைவிடப் பாவிகள் அல்லர் என்றார். துன்பத்தைக் குற்றப்பத்திரிகையாகப் படிக்கும் வழக்கத்திற்கு நற்செய்தியில் இடமில்லை.

நம் பக்தி முயற்சிகளையும் இங்கு ஒருமுறை சோதித்துப் பார்ப்பது நல்லது. நவநாளில் ஒரு நாள் தவறினால் வரம் கிடைக்காது என்ற கணக்கு. இத்தனை பேருக்கு அனுப்பாவிட்டால் தீங்கு நேரும் என்று முன்பு அஞ்சலட்டையிலும் இன்று கைப்பேசியிலும் வரும் புனிதர் பெயரிட்ட செய்தி. தீர்த்தத்தையும் எண்ணெயையும் மந்திர மருந்துபோல் கையாளுதல். விவிலியத்தைக் கண்மூடித் திறந்து விரல் பட்ட வசனத்தில் எதிர்காலத்தைத் தேடுதல். நற்செய்தி ஏடுகளைப் புரட்டிச் சீட்டு எடுப்பதுபோல் உலகியல் காரியங்களுக்கு விடை தேடுவது தமக்கு உடன்பாடில்லை என்று அகுஸ்தினாரே ஒரு மடலில் எழுதியுள்ளார். சடங்கின் புறச்செயலே பலன் தரும் என்று எண்ணும்போது உண்மையான வழிபாடும் மூடநம்பிக்கையாகிவிடும். ஆசீர் என்பது கடவுளின் கையில் நம்மை ஒப்படைப்பது; தாயத்து என்பது கடவுளை நம் கையில் கட்டிக்கொள்ள முயல்வது. வெளித்தோற்றத்தில் இரண்டும் ஒன்றுபோலவே இருக்கலாம். வேறுபாடு உள்ளத்தில் இருக்கிறது.

விலக்கு மட்டும் போதாது. குறி கேட்கப் போகும் மனிதருக்கு மூன்று தேவைகள் உண்டு: தெரிந்துகொள்ள வேண்டும், துணை வேண்டும், நம்பிக்கை வேண்டும். வானிலைச் செய்தி ஆழ்கடல் படகுவரை எட்டுவதற்குக் குரல் கொடுப்பதும், மனநோயாளியை மந்திரவாதியிடமிருந்து மருத்துவரிடம் அழைத்துச் செல்வதும், அன்பியத்தில் துயருறும் வீட்டை நாற்பத்தொரு நாள் அன்று, ஆண்டு முழுவதும் தேடிச் செல்வதும் மறைபரப்புப் பணியே. நாம் போகாத வீட்டிற்குத்தான் சோழி போகிறது.

நட்டாலத்தில் 1712-இல் பிறந்த நீலகண்டர் பொருளிழப்பால் மனம் உடைந்திருந்த நாட்களை எண்ணிக்கொள்வோம். 1741-இல் குளச்சல் போரில் பிடிபட்டுப் பின் திருவிதாங்கூர்ப் படையில் பணியாற்றிய டிலனாய் அவருடைய நண்பர். அவர் எந்தக் கிரகத்தையும் குறை கூறவில்லை; பரிகாரமும் சொல்லவில்லை. அருகில் அமர்ந்து யோபுவின் கதையைச் சொன்னார் என்று மரபு கூறுகிறது. ஆடுமாடும் மக்களும் இழந்து, நண்பர்களாலும் பழிக்கப்பட்டு, ஆயினும் கடவுளோடு பேசுவதை நிறுத்தாத மனிதரின் கதை அது. கேட்டவர் 1745-இல் திருமுழுக்குப் பெற்றுத் தேவசகாயமானார். 1752 சனவரி 14 அன்று காற்றாடிமலையில் உயிர் தந்தார். 2022 மே 15 அன்று புனிதராக உயர்த்தப்பட்டார். துன்புற்றவரின் அருகில் அமர்ந்து ஒரு நண்பர் சொன்ன கதையிலிருந்து நம் மண்ணுக்கு ஒரு புனிதர் கிடைத்தார். அப்படி அமர்வதற்கு நல்ல நேரம் பார்க்க வேண்டியதில்லை. நம் தெருவில் துயருறும் வீடு எது என்று தெரிந்தால் போதும்.